சினைப் பூனைக்கு அடிபட்டால்

கேள்வி: எங்கள் தெருப் பூனை நிறைசினை. போன வாரம் ராத்திரி பைக் மோதி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே படுத்துவிட்டது. ரத்தம் இல்லை, அதனால் காலையில்தான் டாக்டரிடம் தூக்கிப் போனோம். எக்ஸ்ரே எடுத்து இடுப்பெலும்பு முறிவு என்றார், ஸ்கேனில் குட்டிகளின் இதயத்துடிப்பு தெரிந்தது. எக்ஸ்ரேயால் குட்டிகளுக்கு ஏதாவது ஆகுமா? அன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி பாதி பாராசிட்டமால் கொடுத்திருக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கொடுக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பூனையின் கல்லீரலுக்குப் பாராசிட்டமாலைச் சரியாக வெளியேற்றத் தெரியாது, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகிவிடும், பாதி மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். எக்ஸ்ரேயை நினைத்துக் கவலைப்படாதீர்கள். தாய்க்கு உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் குட்டிகளுக்கும் பெரிய ஆபத்து.

ஆனால் காலை வரை காத்திருந்தது தப்பு, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பூனை வலியை வெளியே காட்டாது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே மூத்திரப்பை கிழிந்திருக்கலாம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். ஈறு வெளுத்திருந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் பாலோ சாப்பாடோ கொடுக்காமல், வயிற்றை அழுத்தாமல், துண்டோடு சேர்த்துத் தூக்கி அட்டைப்பெட்டியில் வைத்துக் கிளம்புங்கள். வலியில் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி பிரசவம். இடுப்பெலும்பு பெரும்பாலும் சின்ன இடத்தில் அடைத்து வைத்து ஓய்வு கொடுத்தாலே சில வாரங்களில் கூடிவிடும், ஆனால் கூடும்போது குட்டி வரும் வழி குறுகியிருந்தால் சிசேரியன்தான். பூனைக்குச் சினைக்காலமே ஏறக்குறைய 63 முதல் 67 நாள் என்பதால் உங்களுக்கு அதிக நாள் இல்லை. வழி போதுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகக் கசிந்தாலோ உடனே கிளம்ப வேண்டும், அதனால் ராத்திரி யார் விழித்திருப்பது, எந்த வண்டியில் போவது என்று வீட்டில் இன்றைக்கே பேசி வையுங்கள்.