இணைய வகுப்பில் படம் காட்டலாமா? கேள்வி பதில்

கல்லூரி நூலகத்தில் பட அனுமதிக் கடிதம் எழுதுகிறவன் நான், சட்டத்தரணி இல்லை. கேளுங்கள்.

கொக்குவில் விரிவுரையாளர்: நெற்பிளிக்ஸுக்குக் காசு கட்டுகிறேன். சூமில் மாணவருக்கு முழுப்படம் காட்டலாமா?

இல்லை. அந்தக் காசு நீங்களும் வீட்டுக்காரரும் பார்ப்பதற்கு. சில ஆவணப்படங்களை மட்டும் கல்விக்குக் காட்ட அவர்களே இடம் தருகிறார்கள்.

நல்லூர் ஆசிரியை: தமிழ்நாட்டுப் படமொன்று வேண்டும். யாருக்கு எழுதுவது, ஐயா?

தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, நாமெல்லாம் ஓட்டிவிடுகிற இடம், அங்கே நிறுத்துங்கள். தயாரிப்பாளர் பெயர் இருக்கும். ஆனால் உரிமை இன்னும் அவரிடமே இருக்கும் என்றில்லை. திரையரங்கு, தொலைக்காட்சி, வெளிநாடு, இணையம் என்று கூறுகூறாக விற்றிருப்பார்கள். இலங்கை அவர்களுக்கு வெளிநாடு. அதனால் ‘படத்தைப் பயன்படுத்த அனுமதி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பாடம், எத்தனை மாணவர், எத்தனை வாரம், கடவுச்சொல் உள்ள தளமா, பதிவிறக்க முடியுமா, எல்லாம் வேண்டும். ‘இந்த உரிமையைத் தர உங்களுக்கு அதிகாரம் உண்டா, இல்லையென்றால் யாருக்கு?’ என்ற வரியை மட்டும் விடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். உரிமையை எப்போதோ விற்றுவிட்டவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று, தவணை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. தொலைபேசியில் ‘ஓம், போடுங்கோ’ என்றாலும் எழுத்தில் வாங்குங்கள்.

சாவகச்சேரி: இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம், 11ஆம் பிரிவு? கற்பித்தலுக்கு நியாயமான பயன்பாடு உண்டே?

உண்டு. ஆனால் எவ்வளவு எடுத்தீர்கள், படத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்பதையும் பார்ப்பார்கள். ஒரு காட்சியை வெட்டி அலசுவது வேறு, இரண்டரை மணி நேரத்தையும் ஏற்றிவிடுவது வேறு. இணைய வகுப்பில் படைப்புகளைக் காட்ட இடம் தரும் அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டு டீச் (TEACH) சட்டத்தை இழுக்கவேண்டாம். அது அங்கத்தையது, அதிலும் கதைப்படத்துக்கு மட்டுப்பட்ட பகுதிதான்.

கரவெட்டி: யூரியூப்பில் கிடக்கிற படத்தின் இணைப்பைக் கொடுத்தால்?

யார் ஏற்றியது? உரிமையாளரே என்றால் கொடுங்கள். இறக்கி உங்கள் தளத்தில் போடாதீர்கள்.

கரவெட்டி, மறுபடியும்: எவராவது ஏற்றாவிட்டால் ‘பொன்மணி’ மாதிரிப் படத்தை எங்கள் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பது? உரிமை உரிமை என்று நாங்களே புதைக்கிறோம், அண்ணை.

கோபம் நியாயம்தான். 1977இல் தர்மசேன பத்திராஜ எடுத்த யாழ்ப்பாணப் படம் அது. ஆனாலும் எங்கள் சட்டத்தில் படம் வெளிவந்து 70 ஆண்டுக்கு உரிமை உண்டு, அது முடிய இன்னும் நெடுநாள் கிடக்கிறது. நல்ல பிரதியைத் தேடிப் பாதுகாப்பதற்கும் எவரோ ஏற்றிய மங்கல் பிரதியைப் பாடத்தில் சேர்ப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கரவெட்டி: அப்போ உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால்?

தேடிய கடிதங்களைக் கோப்பில் வையுங்கள். அதுவரை காட்சித்துண்டோடு நில்லுங்கள்.

மானிப்பாய்: பிரைம் கணக்கு இருக்கிறது, சூமில்…

முதல் பதிலைப் பாருங்கோ, தம்பி.