தறியில்லாமல் பிறந்த போர்வை

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஆக்லாந்து கலைக்கூடத்தில் நியூசிலாந்தின் பூர்வகுடியினரான மாவோரித் தலைவர்களின் பழைய உருவப்படங்களைக் கண்டோம். அவர்கள் தோளில் போர்த்தியிருப்பது தறியில் நெய்த கம்பளியா? (வாசகி, யீஷூன்)

பதில்: கம்பளியும் அன்று, தறியும் இல்லை. நீங்கள் கண்ட படங்களுள் பல, பொஹீமியாவில் பிறந்து 1874இல் நியூசிலாந்தில் குடியேறிய காட்ஃபிரீட் லிண்டாவர் தீட்டியவையாக இருக்கக்கூடும். அவர் நிழற்படங்களைப் பார்த்தும் வரைந்தவர். போர்வைக்கு மூலம், ஹரகேகே என்னும் செடியின் வாள்போல் நீண்ட இலை. அதைச் சிப்பி ஓட்டால் சுரண்டினால், சதை கழன்று பட்டுப்போல் மினுக்கும் நார் மிஞ்சும். அதற்கு ‘முகா’ என்று பெயர். நட்டுவைத்த இரண்டு குச்சிகளுக்கிடையே கயிறு கட்டி, அதிலிருந்து நெடுக்கில் ஓடும் பாவிழைகளைத் தொங்கவிட்டு, குறுக்கே ஓடும் ஊடிழைகளை இரண்டிரண்டாக விரல்களாலேயே முறுக்கிப் பின்னுவார்கள் என்பதால், ஒரு போர்வை முடியப் பல மாதங்கள் ஆகும். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, இரும்புச்சத்துள்ள சேற்றில் புதைத்தால் இழை கருமையேறும். நம் புடவைப் பிரியர்கள் கரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கும் அப்படியே பாருங்கள், முக்கோணமும் சாய்சதுரமுமாக ஓடும் அந்தக் கரைவேலை ‘தானிகோ’. மேற்பரப்பில் கறுப்புக் குஞ்சங்கள் தொங்கினால் அது ‘கொரொவாய்’ வகை. கிவிப் பறவையின் இறகுகளைப் பின்னலோடு சேர்த்துக் கட்டியது ‘காஹு கிவி’, உயர்குடியினர்க்கு உரியது.