மண்ணில் மருந்து தேடும் படிப்பு: வேதியியலை விட்டுவிடாதீர்கள்

பாலைவனம், உப்பளம், பனிநிலம் என்று கடுமையான இடங்களின் மண்ணிலிருந்து பாக்டீரியா பிரித்துப் புது மருந்து தேடும் துறையில் உங்கள் மகள் சேர விரும்புகிறாள். அது பிழைப்புக்கு ஆகுமா என்பது உங்கள் கவலை. ஆகும். ஆனால் நுண்ணுயிரியல் மட்டும் போதாது, வேதியியலும் கூடவே வேண்டும்.

காரணம் இதுதான். 1943-இல் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து கிடைத்த பிறகு பல பத்தாண்டுகள் சாதாரண மண்ணையே துழாவியதில், தெரிந்த மருந்துகளே மறுபடி மறுபடி அகப்பட்டன. அதனால்தான் தேடல் கடுமையான இடங்களுக்கு நகர்ந்தது. சிலி நாட்டின் அடகாமா பாலைவன மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்று சாக்ஸாமைசின் என்ற புதுச் சேர்மங்களைத் தந்தது.

மண் எடுப்பது வேலையில் சிறு பங்குதான். மேல்மண்ணை விலக்கி 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் எடுத்து, பி.எச். (அமில-காரத் தன்மை), உப்பளவு, வெப்பநிலை குறிக்க வேண்டும். எடுக்கும் நாட்டின் எழுத்துபூர்வ அனுமதியும் முக்கியம். ஒரு நாட்டின் உயிர்வளத்தைப் பயன்படுத்தினால் பலனை அந்நாட்டோடு பகிர வேண்டும் என்னும் நகோயா நெறிமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இதில் அலட்சியம் கூடாது.

உண்மையான சோதனை ஆய்வகத்தில். ஒரு கிராம் மண்ணை 9 மி.லி. உப்புக் கரைசலில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மி.லி. வீதம் தட்டில் உள்ள ஸ்டார்ச் கேசீன் அகர் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பரப்புவார்கள். பூஞ்சை தட்டை மூடாமலிருக்க மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பது வழக்கம். அது நச்சு, கையுறை கட்டாயம். உப்பள மண்ணைச் சாதாரண ஊடகத்தில் போட்டால் உப்பு விரும்பிகள் எட்டிப்பார்க்காது. ஊடகத்திலும் உப்பு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டியிருக்கும். 60 டிகிரிக்கு மேல் வளர்ப்பதென்றால் அகர் இளகும், காயும். அதற்குப் பதில் ஜெல்லன் கம் என்ற கெட்டியாக்கும் பொருள் நல்லது. பலர் சறுக்குவது பொறுமையில். ஐந்தாம் நாளில் தட்டை எறிந்தால் வேகமாக வளரும் பேசில்லஸ் மட்டுமே மிஞ்சும். மருந்துச் சேர்மங்கள் தரும் அரிய ஆக்டினோமைசீட்ஸ் (ஸ்ட்ரெப்டோமைசிஸின் உறவுக் கூட்டம்) தலைகாட்ட மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை தட்டு காயாமல் உறையிட்டு வைக்க வேண்டும்.

தட்டில் வளர்ந்த ஒரு காலனி (பாக்டீரியாத் திட்டு) ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியைக் கொன்றுவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் கொன்றது எந்தச் சேர்மம்? எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை எடைபோடும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் நிறை பார்த்து, தெரிந்த பொருளா என்று ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும். அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்தால் இன்னும் பல சேர்மங்களுக்கான மரபணுக் கூட்டங்கள் தெரியும். ஆய்வகத்தில் அவற்றில் பல உறங்கிக் கிடக்கும். ஊடகத்தை மாற்றியோ வேறொரு பாக்டீரியாவுடன் வளர்த்தோ எழுப்பிப் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் வேதியியலும் கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் தெரிந்தவருக்கே மதிப்பு.

இளங்கலையோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஆய்வக உதவியாளர் வேலைதான். தனியாக ஆராய முனைவர் பட்டம் வேண்டும். கண்டுபிடித்த சேர்மம் மருந்தாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம், பெரும்பாலானவை ஆவதே இல்லை. ஆனாலும் நொதித்தல், நொதி உற்பத்தி, மருந்துத் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் இதே கைத்திறன்தான் கேட்கப்படுகிறது. அதனால் படிப்பு வீண்போகாது.

சேரும் முன் துறைத்தலைவரிடம் இரண்டு கேளுங்கள்: எல்.சி.-எம்.எஸ். கருவியை மாணவர்களே இயக்க முடியுமா? பிரித்த பாக்டீரியாவை 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் சேமிக்கிறார்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.