முட்ட முட்ட ஊற்றுகிறவர்களுக்கு

கேள்வி: ஆசிரியர் ஐயா, பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம். கூரைமேல் பெட்டி மாட்டி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இங்கிருந்தே ஏற்றிப்போய், வரும்போது ஜொகூரில் டேங்கை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு வந்தால் கட்டுப்படியாகுமா? அரசாங்கம் பெட்ரோல் வரியைக் குறைக்குமா? — வாசகர், ஈசூன்

பதில்: வரியைப் பற்றி நிதியமைச்சிடம் கேளுங்கள். எனக்கு அந்த 'முட்ட முட்ட' போதும்.

வார இறுதியில் ஜொகூர் பாருவின் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் இந்தச் சடங்கைப் பார்க்கலாம். பம்பு 'டக்' என்று நிற்கும். சிங்கப்பூர்க்காரர் எவரும் அதை நம்புவதில்லை. மச்சான் பின்பம்பரைப் பிடிப்பார், மாமா கதவோரம் நின்றுகொள்வார், பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வரவழைப்பது போல இருவரும் காரைக் குலுக்குவார்கள். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அக்கா குனிந்து பார்ப்பார். பக்கத்துப் பம்பில் நிற்கும் மலேசியர் கைப்பேசியை எடுப்பார். மறுநாள் இரு நாட்டிலும் படம் ஓடும். மாமா முகம் நன்றாகவே தெரியும்.

இதில் மிஞ்சுவது என்ன? குலுக்கியதில் ஒன்றரை லிட்டர் கூடுதலாக இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். இங்கேயும் அங்கேயும் லிட்டருக்கு 2 வெள்ளி வித்தியாசம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆக 3 வெள்ளி. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் தைலத்துக்கே காணாது.

பம்பு நிற்பதற்குக் காரணம் உண்டு. குழாய் முனையில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் ஓடும்போது அதன் வழியே காற்றும் உறிஞ்சப்படும். டேங்க் நிறைந்து பெட்ரோல் அந்தத் துளையை மூடியதும் காற்று தடைப்பட்டு, கைப்பிடிக்குள் இருக்கும் சவ்வு இழுபட்டுக் கொக்கியை விடுவிக்கும், பெட்ரோல் வரும் வழி அடைபட்டுவிடும். அப்போதும் டேங்கின் மேல்புறத்தில் இடம் இருக்கத்தான் செய்யும். அது ஆவிக்கும் விரிவுக்கும் விட்ட இடம். நிலத்தடித் தொட்டியில் சற்றுக் குளிர்ந்திருந்த பெட்ரோல், வெயிலில் நிற்கும் காரில் 10 பாகை சூடேறினால் 50 லிட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பெருகும். அந்த இடத்தையும் நீங்கள் நிரப்பிவிட்டால், திரவம் ஆவிக்குழாய் வழியே கரித்தூள் டப்பாவுக்குள் போய்விடும். ஆவியைப் பிடித்து வைப்பதற்கென்று இருக்கும் டப்பா அது. நனைந்தால் வேலை செய்யாது. காருக்குள் பெட்ரோல் வாடை, எண்ணெய் ஊற்றிய கையோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் எஞ்சின், முகப்பில் மஞ்சள் எஞ்சின் விளக்கு: இந்த மூன்றில் ஒன்று வந்தால் பட்டறைக்காரரிடம் 'டேங்கைக் குலுக்கினோம்' என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டப்பாவை மாற்றும் செலவில் பல ஆண்டுகளின் மூன்று வெள்ளிகள் கரைந்துவிடும்.

நம்மவர் சாமர்த்தியத்தை அரசாங்கம் எப்போதோ அறிந்துகொண்டது. சிங்கப்பூரிலிருந்து தரைவழியே வெளியேறும் காரில் அரை டேங்க் இருக்க வேண்டும் என்று 1989-இல் விதித்தார்கள். போதவில்லை, 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். முள் அதற்குக் கீழே இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம், அதோடு வந்த வழியே திரும்ப வேண்டும்.

ஆனால் அந்த முக்கால் டேங்க் உங்கள் பயணச் செலவு அல்ல, ஐயா. கணக்கைப் பாருங்கள். போக வர 400 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்றால் மொத்தம் 28 லிட்டர். டேங்க் 50 லிட்டர். 37.5 லிட்டரோடு போகிறீர்கள், திரும்பும்போது அங்கே நிரப்பிக்கொண்டு வருகிறீர்கள். வழியில் எரித்த 28 லிட்டருக்கும் நீங்கள் கொடுப்பது மலேசிய விலை. இங்கே பம்பில் ஏறிய விலை இந்தப் பயணத்தைத் தொடவே இல்லை! அங்கேயும் பச்சைக் குழாயில் வரும் 97 ஆக்டேன் பெட்ரோல்தான் உங்களுக்கு. அதன் விலை வாராவாரம் மாறும், கிளம்பும் வாரத்து விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் குழாயின் 95 வெளிநாட்டு எண்பலகைக்கு 2010 முதல் தடை.

97 என்றதும், 98 ஆக்டேன்தான் ஊற்றுவேன் என்கிற 98 கட்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு. திரும்பவும் சொல்கிறேன்: அந்த எண் எரிபொருளின் பலம் அல்ல, நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் தன்மை. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் 95 என்று போட்டிருந்தால் 98 ஊற்றி ஒரு லாபமும் இல்லை. 98 என்றே போட்டிருக்கும் டர்போ கார்க்காரர் பேசாமல் ஊற்றட்டும். மற்றவர்கள், 2021 பிப்ரவரியில் ஏறிய வரிப்படி, 95-க்கு லிட்டருக்கு 66 காசு, 98-க்கு 79 காசு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். 13 காசு அதிகம் கட்ட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தச் சுங்கவரி லிட்டர் கணக்கில் வாங்குவது, விலை ஏறினாலும் ஏறாது. 9 விழுக்காடு பொருள் சேவை வரிதான் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. வரியைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

இனி உங்கள் கூரைப் பெட்டி. கேள்வியில் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், பணம் ஒழுகுவது அங்கேதான். விரைவுச்சாலை வேகத்தில் பெரிய பெட்டி ஒன்று எரிபொருள் திறனில் 10 முதல் 25 விழுக்காட்டைத் தின்னும். உங்கள் 28 லிட்டரில் 20 விழுக்காடு கூடினால் 5.6 லிட்டர். மாமா குலுக்கிச் சேர்த்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 90-லிருந்து 110-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்கு, 150 கிலோமீட்டரில் மிச்சமாவது 18 நிமிடம். அந்த 18 நிமிடத்தை ஓய்விடத்துக் கழிவறை வரிசையிலேயே விட்டுவிடுவீர்கள். பெட்டி கட்டாயம் வேண்டுமென்றால் பயணத்துக்கு மட்டும் மாட்டி, வந்ததும் குறுக்குக் கம்பிகளோடு கழற்றிவிடுங்கள். ஆண்டு முழுக்க வெறும் பெட்டியைச் சுமந்து தீவு விரைவுச்சாலையில் அலுவலகம் போகிறவர்கள் எதை ஏற்றப்போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டயர்க் காற்றைக் கிளம்பும் காலையில், சக்கரம் சூடேறுமுன் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அளவு இருக்கும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் இரண்டாவது அளவு, முக்கியமாகப் பின்சக்கரத்துக்கு. ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் ஏர்கானோடு நின்றால் இரண்டு மூன்று லிட்டர் போய்விடும். ஒன்மோட்டோரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளின் கேமராப் படங்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நுழைவுக்குச் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். வாகன நுழைவு அனுமதிச் சில்லு ஒட்டாத காருக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன், திட்டாதீர்கள். உங்கள் கார் எண்டாவ்-ரொம்பினுக்குப் போகாது. கஹாங் ஊரிலிருந்து பூங்கா வாசலான கம்போங் பேத்தாவுக்கு ஏறக்குறைய 56 கிலோமீட்டர் மண்பாதை. நான்கு சக்கர இயக்க வண்டிதான் போகும். உங்கள் காரைக் கஹாங்கில் நிறுத்திவிட்டு அந்த வண்டியை அமர்த்த வேண்டும். அதன் வாடகையை முன்கூட்டியே கேட்டுவையுங்கள், பெட்ரோலைவிட அதுதான் கடிக்கும். 'டிசம்பருக்குத் தள்ளலாமா' என்றும் கேட்காதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். தார்ச்சாலையிலேயே தேசியப் பூங்கா வேண்டுமென்றால் தஞ்சோங் பியாய் இருக்கிறது: ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி, சதுப்புநிலக் காட்டின் நடுவே பலகைப் பாதை. துவாஸ் வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். அதே சதுப்புநிலம் இங்கேயும் உண்டு. கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925 பேருந்தில் ஏறினால் சுங்கை பூலோ.

'கார் இருக்கும்போது பேருந்தா' என்பீர்கள். கார் வைத்திருக்கவே இங்கே வாங்க வேண்டிய பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளி என்று வைத்தால், வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 27 வெள்ளி, புளோக்கின் கீழே சும்மா நின்றாலும். அதைக் கொடுத்தபோது வராத மூச்சுத்திணறல் பெட்ரோலுக்கு வருகிறது.

கடைசியாக அந்தச் சாப்பாட்டுச் சாமான். பூங்காவுக்கு அண்டாவில் பிரியாணி கொண்டுபோகும் நம் வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, மிச்சத்தோடுதான் சண்டை. சுங்கை பூலோவோ மெக்ரிட்சியோ, மீந்த சோற்றைக் குரங்குக்குப் போடுவது புண்ணியம் என்று நினைக்கும் பாட்டிமார்களிடம் சொல்லிவையுங்கள்: 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். குரங்கோ அடுத்த முறை கேட்டு வாங்காது, பையைப் பிடுங்கும். மூடி இறுகும் டப்பாவில் அளவாகக் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் கூரைப் பெட்டியும் தேவைப்படாது.