பாட்டிலை உடைச்சு வரைஞ்சதெல்லாம் ஒரு பரிசா?

கேள்வி: ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்கு ஓவியம் குடுக்கிற போட்டோ பாத்தேன். பாட்டில், கிதார், பழம் எல்லாம் துண்டு துண்டா கெடக்கு, க்யூபிச ஸ்டில் லைஃப்னு போட்டிருந்தாங்க. வாங்குறவருக்கு அவமானமா இருக்காதா? லட்சணமா ஒரு வெள்ளி விளக்கு குடுத்தா ஆகாதா? - வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அவமானமெல்லாம் இல்லீங்க. சாயங்காலம் தட்டுவடை செட்டு வாங்குறப்ப கொஞ்சம் உத்துப் பாருங்க. மேல இருந்து பாத்தா வட்டமா ஒரு தட்டுவடை, அவ்ளோதான். தட்டை கண்ணுக்கு நேரா தூக்கினா நடுவுல பீட்ரூட் துருவலும் சட்னியும் பிதுங்கிட்டு நிக்குறது தெரியும், ஒரு கடி கடிச்சா உள்ள வேற கதை. இந்த மூணையும் ஒரே தாள்ல வரையச் சொன்னா என்ன பண்ணுவீங்க, வடையை ஒடச்சுத்தானே ஆகணும்? பிக்காசோ, ப்ராக்னு ரெண்டு ஓவியர்கள் 1908 வாக்குல பாரிஸ்ல பண்ண ஆரம்பிச்சது இந்த வேலையைத்தான். "எல்லாத்தையும் கனசதுரம் ஆக்கிட்டாரு"ன்னு ப்ராக்கோட படங்களை ஒரு விமர்சகர் நக்கலடிக்கப்போய், அந்த க்யூப் (கனசதுரம்) நக்கலே க்யூபிசம்னு பேரா நின்னுடுச்சு.

ஸ்டில் லைஃப்னா மேசை மேல சும்மா கெடக்குற சாமானை வரையறது. அதுல எதுக்கு பாட்டிலும் கிதாரும்னா, தெனம் பாக்குற சாமானா இருந்தாத்தான் ஒடச்சுப் போட்டாலும் அடையாளம் தெரியும். 1912ல பிக்காசோ இன்னும் ஒரு படி மேல போய், நாற்காலி பிரம்புப் பின்னல் பிரிண்ட் போட்ட ஆயில்கிளாத்தையே படத்துல ஒட்டி, சுத்தி ஃப்ரேமுக்கு பதிலா கயித்தைக் கட்டிட்டாரு. நம்ம டைனிங் டேபிள் மேல விரிக்கிறோமே, அந்த ஜாதி சரக்குதான்!

பரிசா ஏன் குடுக்கறாங்கன்னா, என் கணக்கு இது: மனுசன் மொகம் இருந்தா யாருன்னு கேப்பாங்க, போர் படம்னா தோத்தது யாருன்னு வரும், சாமி படம்னா அது தனி தலைவலி. மேசை மேல இருக்குற பழம் யார் வம்புக்கும் போகாது. கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்னு கட்டாயமும் இல்ல, 2010ல பிரிட்டன் பிரதமர் கேமரன், லண்டன் தெருச் சுவத்துல ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சிட்டிருந்த பென் ஐனோட ஓவியத்தைத்தான் ஒபாமாவுக்கு குடுத்தாரு.

கேள்வி: வாங்குனவரு வீட்டு ஹால்ல மாட்டிக்கலாமா? - வாசகி, ஏற்காடு

பதில்: ஆசைதான்! நம்ம நாட்டுல வெளியுறவுத் துறையோட தோஷகானான்னு ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுல வாங்குன பரிசை அங்க ஒப்படைக்கணும், மதிப்பு போடுவாங்க. சின்னத் தொகைன்னா வெச்சுக்கலாம், அதுக்கு மேல போனா, வெச்சுக்கணும்னா மிச்சத்தை கையில இருந்து கட்டணும். அமெரிக்காவுலயும் 1966லேருந்து இதுக்குன்னே சட்டம் இருக்கு. செவ்வாய்ப்பேட்டைக்காரரே, உங்க வெள்ளி விளக்கும் அங்கதான் போகும், எடை போட்டு.