கோல்ஃப் டிரைவர் மட்டையின் தலை ஏன் விரிசல் விடுகிறது, எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்க எடுக்கும் டிரைவர் மட்டையை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன வாரத்திலிருந்து அடிக்கும்போது சத்தம் மாறிவிட்டது. பந்தில் படும் முகத்தின் மேல் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. நான் தப்பாக அடித்ததால் உடைந்ததா? இனி எப்படித் தடுப்பது?

உங்கள் ஒரு தப்பான அடியால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. இத்தனை வருட நல்ல அடிகளும் சேர்ந்துதான் அந்தக் கோட்டைப் போட்டிருக்கும்.

எனக்கும் இதேதான் நடந்தது. கோலாலம்பூரில் 18 வருடம் வேலை பார்த்தபோது கோல்ஃப் பழகினேன். ஊரோடு வந்தபிறகு காரைக்குடி வீட்டின் பின்கட்டில் வலை கட்டி, வாரம் ஐந்து நாள் காலையில் நூறு பந்து அடிப்பேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் போய் ஆடுவேன். ஒருநாள் காலையில் 'டிங்' என்று வரவேண்டிய சத்தம் 'டப்' என்று வந்தது. பந்தைச் சந்தேகப்பட்டு வேறு பந்து போட்டேன். அதே சத்தம். உள்ளேயிருந்து ஆத்தா, "என்னப்பா, கீறல் விட்ட வெங்கலப் பானை மாதிரி கேக்குது, நிறுத்திட்டுப் பாரு" என்றார்கள். சீர்ப் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய காது அது. முகத்தைத் துடைத்துப் பார்த்தேன், மேல் ஓரத்தில் அரை அங்குலக் கோடு.

இப்போதைய டிரைவர் தலை உள்ளே காலியான கூடு. அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பெரும்பாலான தலைகளில் முகம் டைட்டானியம் கலவை, தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஸ்பிரிங் போல உள்வாங்கிப் பந்தைத் தள்ளும். சுமார் 46 கிராம் பந்து அந்த முகத்தோடு ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லிசெகண்ட். அதற்குள் அது மணிக்கு 230 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டுமென்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், முகத்தின்மேல் சராசரியாகவே 600 கிலோ எடை வைத்தது போன்ற அழுத்தம் விழுகிறது. உச்சத்தில் இன்னும் அதிகம். ஒவ்வொரு அடிக்கும் முகம் உள்ளே போய் வெளியே வருகிறது. இப்படி ஆயிரக்கணக்கில் வளைந்து நிமிரும்போது உலோகம் களைத்து, எங்கே பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கும். முகத்தைத் தனியாகச் செய்து உடம்போடு வெல்டிங் வைத்த தலைகளில் அந்த இடம் அநேகமாக வெல்டிங் ஓரம்தான். அதுவும் பந்து மேல்பக்கமாகப் படுகிறவர்களுக்கு மேல் ஓரம். உங்கள் கோடும் அங்கேதான் இருக்கிறது.

என் கணக்கைச் சொல்கிறேன். 18 குழி ஆட்டம் ஒன்றில் டிரைவர் எடுப்பது வழக்கமாக அதிகபட்சம் 14 முறை. வாரம் ஒரு ஆட்டம் என்றாலும் வருடத்துக்கு 728 அடி. நானோ வாரம் ஐந்து நாள், நாளுக்கு நூறு பந்து, வருடத்துக்கு 26,000 அடி! மைதானத்தில் ஆடுபவர் முப்பத்தைந்து வருடத்தில் அடிப்பதை நான் ஒரே வருடத்தில் பின்கட்டில் அடித்து முடித்திருக்கிறேன். டிரைவரின் ஆயுளை வருடத்தால் அளக்கக்கூடாது, அடிகளால் அளக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இப்போது பயிற்சிக்கென்று ஒரு பழைய டிரைவர் வைத்திருக்கிறேன். நல்லதை வாரம் இருபது அடிக்கு மேல் தொடுவதில்லை. நான் கண்டதில் இதைவிடப் பலன் தந்த வழி வேறில்லை.

அடுத்தது கல். எங்கள் ஊர் செம்மண்ணில் சரளை அதிகம். பந்தில் ஒரு பொடிக்கல் ஒட்டியிருந்தால் அத்தனை அழுத்தமும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்கும். ஒவ்வொரு பந்தையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் டீயில் (பந்தை நிறுத்தும் சிறு குச்சியில்) வைக்கிறேன். வலையின் இரும்புச் சட்டம் மட்டை வீசும் பாதைக்கு வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் வெயில். சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். டைட்டானியத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் சில தலைகளில் இருக்கும் கார்பன் மேல்மூடியை ஒட்டிய பசையும், ஷாஃப்ட்டை, அதாவது மட்டையின் தண்டைத் தலையில் பிடித்திருக்கும் எப்பாக்சி பசையும் இளகிப் பிடி தளரும். மட்டைப் பையை டிக்கியிலேயே விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள், எங்கள் பையின் இடம் வளவில் தூண் ஓரம். பைக்குள் இரும்பு மட்டைகள் முட்டினால் கார்பன் மூடி அடிபடும், ஹெட்கவர் (தலைக்கான உறை) இல்லாமல் வைக்காதீர்கள்.

கோடு விரிசல்தானா, வெறும் பெயின்ட் கீறலா என்று தெரிந்துகொள்ள நான் செய்தது இது. முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டின்மேல் மார்க்கர் மை தடவி, உடனே மறுபடி துடைத்தேன். மேற்பரப்பு மை போய்விட்டது, விரிசலுக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நின்றது. இன்னொன்று, ஸ்டீல் ஸ்கேலை முகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். டிரைவர் முகம் இயல்பிலேயே லேசாகப் புடைத்திருக்கும், அதனால் ஸ்கேல் இருபுறமும் ஆடும். ஆடாமல் படிந்தால் முகம் உள்வாங்கிவிட்டது. தலையைக் குலுக்கினால் கடகடவென்று கேட்பது மட்டும் விரிசலுக்கு அடையாளம் ஆகாது, உள்ளே பசைத்துணுக்கு உதிர்ந்திருக்கலாம்.

விரிசல் என்று உறுதியானால் தயவுசெய்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். என் பங்காளி ஒருவர் கேட்காமல் கொண்டுபோனார். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆர்கான் வாயுவால் சரியாகப் போர்த்தி வெல்டிங் வைத்தாலும், அந்தச் சூட்டில் முகத்தின் பதம் மாறிவிடும். அவர் மட்டை நான்காவது அடியில் பிளந்தது, நல்லவேளை யார்மேலும் படவில்லை. முகத்தில் பசை பூசுவதும் வீண்.

போட்டி ஆடுபவராக இருந்தால் ஒரு செய்தி: 2023 விதிகளின்படி, ஆட்டத்தின் நடுவே மட்டை சேதமானால் மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் கோபத்தில் தரையில் அடித்து உடைக்காதவரை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அந்த டிரைவரால் இன்னொரு பந்துகூட அடிக்காமல் ஹெட்கவர் போட்டு வையுங்கள். கோட்டை வெளிச்சத்தில் படம் எடுங்கள், வாங்கிய ரசீதைத் தேடுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் ஓரிரண்டு வருடம்தான், ஆனாலும் வாங்கிய கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் கடைக்காரர் காலம் முடிந்தும் பழையதை வாங்கிக்கொண்டு, புதியதில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்தார்.