இந்தியாவில் சினிமாவை நம்பாமல் ஒரு ராக் இசைக்குழு முழுநேரமாகப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆல்பம் விற்றுப் பிழைத்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. மேடைதான் சோறு போடும். டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் தொடங்கிய குழு. சுஷ்மித் சென் கிடார். அஷீம் சக்ரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். அடுத்த ஆண்டு பேஸ் கிடாரோடு வந்த ராகுல் ராம், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு நர்மதா அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். 'மா ரேவா' பாட்டு அந்த ஆற்றங்கரையிலிருந்துதான் குழுவுக்கு வந்தது. 1994-ல் டிரம்ஸுக்கு அமித் கிலம்.

1993 தொடங்கி 2003 வரை நான்கே ஆல்பம்! அதில் இரண்டாவது, 1997-ல் தெரு நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் நேரடியாக வாசித்ததன் ஒலிப்பதிவு. இந்த வேகத்தில் ஆல்பம் போட்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. அதிலும் கேசட், சிடி விற்பனையில் வாசித்தவர் கைக்கு வருவது சொற்பம். ஆனால் 2000-ல் வந்த 'கண்டிசா' அவர்களைக் கல்லூரி விழாக்களின் செல்லப்பிள்ளை ஆக்கியது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேய மொழிப் பிரார்த்தனையை டெல்லிக்காரர்கள் பாட, ஒரு சொல்லும் புரியாமல் மாணவர்கள் கூடவே பாடினார்கள்.

சினிமா பக்கமே போகாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு இசையமைத்தார்கள். படம் வழக்கில் சிக்கி 2007-ல்தான் இந்தியத் திரைக்கு வந்தது. அதில் வரும் 'பந்தே' பாட்டு அதற்கு முன்பே மேடை மேடையாகப் போய்விட்டது. சினிமா இவர்களுக்கு உபரி வரவுதான்.

2010-ல் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். டெல்லி கரோல் பாகில் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரிதான் தலைப்பு. பாட்டை விற்று வராத காசு, பாட்டைக் கேட்டவன் கச்சேரிக்கு வந்தால் வரும் என்ற கணக்கு. தொண்ணூறுகளில் இதைச் செய்திருந்தால் எடுபட்டிருக்காது, இணையம் இருந்ததால் எடுபட்டது.

உண்மையான சிக்கல் காசு இல்லை, ஆட்கள். 2009 டிசம்பரில் அஷீம் இறந்துபோனார். 2013-ல் சுஷ்மித் விலகித் தன் வழியில் போனார். தொடங்கிய இருவருமே இல்லாத குழுவை அதே பெயரில் அழைக்கலாமா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு ராகுலும் அமித்தும் தொடர்ந்து நடத்துகிறார்கள். ராகுல் இடையிடையே அரசியல் நையாண்டி மேடையிலும் பாடுகிறார். எனக்கு அஷீம் காலத்துக் குழுதான் பிடிக்கும். ஆனாலும் 2015-ல் 'மசான்' படத்தில் அமித் பாடிய 'மன் கஸ்தூரி'யைக் கேட்ட பிறகு, பெயரை மாற்றச் சொல்லும் கட்சியில் நான் இல்லை.